செனெகாவா, எபிக்டெட்டஸா?

நம் கையில் இல்லாததற்குக் கலங்காதே என்று சொல்லும் பழைய கிரேக்க, ரோமானியச் சிந்தனைதான் ஸ்டோயிக் தத்துவம். அதை யாரிடமிருந்து தொடங்கலாம்? இருவருக்கும் கொள்கை ஒன்றுதான், வாழ்க்கைதான் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். செனெகா ரோமப் பேரரசன் நீரோவின் ஆசிரியர், பெரும் பணக்காரர். எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர். அவருடைய எஜமானரோ அதே நீரோவின் செயலாளர்!

செனெகா தன் நண்பர் லுசிலியஸுக்கு எழுதிய 124 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. 56ஆவது கடிதத்தில், குளியல் கூடத்துக்கு மேலே குடியிருக்கும் அவஸ்தையைச் சொல்கிறார்: எடை தூக்குபவரின் முனகல், உடம்பு பிடித்துவிடுபவரின் கை விழும் சத்தம், அக்குள் முடி பிடுங்குபவன் ஆள் தேடிப் போடும் கூச்சல், அப்புறம் அகப்பட்டவன் போடும் கூச்சல். மனம் அடங்கினால் இதெல்லாம் ஒன்றுமில்லை என்று பாடம் நடத்திவிட்டு, கடைசியில் அங்கிருந்து கிளம்பப்போவதாகச் சொல்கிறார். எளிமையைப் பேசிக்கொண்டே செல்வத்தில் புரண்டார் என்ற பழி அவர் காலத்திலேயே உண்டு. எனக்கென்னவோ, இந்த முரண்தான் அவரை நெருக்கமாக்குகிறது.

எபிக்டெட்டஸ் அப்படியில்லை. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. இரும்பு விளக்கு திருடு போனதா? சரி, மண் விளக்கு வாங்கிக்கொள்வோம். அவர் பேசியதை மாணவர் அர்ரியன் எழுதி வைத்ததால்தான் நமக்குக் கிடைத்தது.

செனெகாவின் சாயல் பிரான்சின் கட்டுரையாளர் மொந்தேனிடம் தெரியும். எபிக்டெட்டஸை ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் படித்தார். 20ஆம் நூற்றாண்டில் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் அவருடைய கருத்துகளைத் தன் மனநல சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டார். வியட்நாமில் 1965இல் சிறைப்பட்ட அமெரிக்க விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல், ஏழு ஆண்டுகளுக்கும் மேல் பற்றிக்கொண்டதும் எபிக்டெட்டஸைத்தான்.

ஆற அமரப் படிக்க செனெகா. நெருக்கடியில் இருப்பவர்கள் எபிக்டெட்டஸின் ‘கையேடு’ என்ற சிறு நூலை எடுக்கலாம், ஒரே மாலையில் முடித்துவிடலாம்.