நிஷாப்பூர் ஃபிரோஸா: ஒன்பது வருடம் விரலில் இருந்த கல்

வேலை விஷயமாக ஈரானின் மஷ்ஹத் நகரத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தபோது வாங்கிய மோதிரம் இது. ஒன்பது வருடம் ஆகிவிட்டது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றி வைப்பேன். மற்றபடி அநேகமாகத் தினமும் விரலில்தான். இந்தக் கல்லை வாங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று, பழகித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம் நகைக்கடைகளில் டர்க்காய்ஸ் என்பார்கள், ஃபிரோஸா என்றாலும் புரியும். துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பேர்போன கல் விளைவதோ வடகிழக்கு ஈரானில், உமர் கய்யாம் பிறந்த நிஷாப்பூர்ப் பக்கம். ஊருக்கு வடமேற்கே 50 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் சுரங்கத்தில் 2000 ஆண்டுகளுக்கு மேலாகத் தோண்டி எடுக்கிறார்கள். செம்பும் அலுமினியமும் பாஸ்பேட்டும் நீரும் சேர்ந்த கல் இது. பாறை வெடிப்புகளில் கசிந்து இறங்கிய நீர் விட்டுப்போன படிவம்தான் மெல்லிய நரம்பாக இறுகிக் கிடக்கிறது. நீலம் செம்பால் வருவது. இரும்பு கூடினால் பச்சை தட்டும். இஸ்ஃபஹான் மசூதிக் குவிமாடங்களின் நீலமும் இந்தக் கல்தான் என்று நினைத்திருந்தேன்; அது மெருகு பூசிச் சுட்ட ஓடு.

மஷ்ஹதில் இமாம் ரெஸா தர்காவைச் சுற்றிய தெருக்களில் மோதிரக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. நான் போன கடையில் பெரியவர் ஒருவர் இரண்டு கற்களை வெள்ளைத் தாளில் வைத்து, டியூப் லைட் வெளிச்சத்தில் பார்க்காதே என்று வாசலுக்கே கூட்டிக்கொண்டு போனார். ஒன்று மாசுமறுவில்லாத ஒரே நீலம், அஜமி என்றார். மற்றது அதே நீலம்தான், ஆனால் பழுப்புக் கோடுகள் மரக்கிளை மாதிரி ஓடின, அது ஷஜரி. அளவு ஏறத்தாழ ஒன்றுதான், அஜமிக்கு மூன்று மடங்கு விலை சொன்னார். ஈரானில் சுத்தமான நீலத்துக்குத்தான் மதிப்பு. அமெரிக்காவின் அரிசோனா, நெவாடா பக்கம் சிலந்திவலைக் கோடு உள்ள கல்லைத் தேடி வாங்குகிறவர்கள் நிறைய. என் கைக்கு எட்டியது ஷஜரி. வெள்ளியில் பதித்தது, கல்லுக்கு அடிப்பக்கம் மூடியிருக்கும். பட்டை தீட்டாமல், மேல்புறம் குமிழாக மழமழவென்று இருக்கும்.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருட மழைக்காலத்தில் கவனித்தேன்: வெள்ளி விளிம்பை ஒட்டி, நகக்கீறல் அகலத்துக்கு நீலம் பச்சையாகியிருந்தது. வலது கையில் போட்டிருந்தேன். சாம்பார் பிசைந்த விரல், தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த விரல், சென்னை மே மாத வியர்வை எல்லாம் அதே விரல்தான். இந்தக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. எண்ணெய், சோப்பு, சென்ட் எது பட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். இடது கைக்கு மாற்றினேன். சென்ட் அடித்துக் காய்ந்தபிறகு கடைசியாகத்தான் மோதிரம் போடுவேன். பச்சை திரும்பிப் போகவில்லை, ஆனால் அதற்குமேல் பரவவும் இல்லை.

ஐந்தாம் வருடம் விரல் பருத்துவிட்டதால் அளவு கூட்ட ஒரு கடையில் கொடுத்தேன். கல்லைக் கழற்றாமலேயே பற்றவைத்துவிட்டார்கள். ஓரத்தில் கடுகளவு வெளிறிய புள்ளி. அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. சூடு இந்தக் கல்லுக்கு ஆகாது. கல்லைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள் என்று நாமேதான் சொல்ல வேண்டும். நகை கழுவும் மெஷினில் போட்டுக் கழுவவும் விடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இது 5 முதல் 6 வரைதான். தெருத்தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் 7, அதனால் தூசியே இதைக் கீறிவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் உச்சியில் மயிரிழைக் கீறல்கள் தெரிகின்றன, பளபளப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது. தனியாகப் பஞ்சுத்துணியில் சுற்றி வைக்கிறேன்.

நடுவில் அசல் ஃபிரோஸா என்று சொன்னதை நம்பி மலிவாக ஒரு மணிக்கோவையும் வாங்கினேன். நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒரு மணியைத் துடைத்ததும் பஞ்சு நீலமாகிவிட்டது. உள்ளே வெள்ளைக் கல், மேலே சாயம். ஹவ்லைட், மேக்னசைட் கற்களைத்தான் பெரும்பாலும் இப்படிச் சாயமேற்றுகிறார்கள். அசல் கல்லிலேயே பிசின் ஏற்றியதும் விற்கிறது. அது ஏமாற்று இல்லை, எண்ணெயை நன்றாகவே தாங்கும். ஆனால் ஏற்றாத கல்லின் விலையைக் கொடுக்கக் கூடாது. வாங்குமுன் இதைக் கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

தினசரி மோதிரத்துக்கு இன்றைக்கும் ஷஜரியைத்தான் சொல்வேன். சின்ன நிறமாற்றம் கோடுகளுக்கு நடுவே உறுத்தாது. அஜமியில் அதே பச்சை விளிம்பு பார்த்தவுடன் தெரிந்துவிடும். அஜமிக்கும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் மகளுக்குத் தோடாகத்தான் செய்யக் கொடுப்பேன். காதில் சாம்பாரும் சோப்பும் அவ்வளவாகப் படாது.