முதல் ஷார்ட்போர்டு வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன அக்டோபரில் 620 வெள்ளி கொடுத்து ஒரு பழைய ஷார்ட்போர்டு, அதாவது அலைச்சறுக்குக்கான சின்னப் பலகை, வாங்கினேன். இப்போது அது வீட்டு ஸ்டோர் ரூமில் வால் பிளந்து கிடக்கிறது. விவகாரம் இன்னும் முடியவில்லை, அதனால் கடைப் பெயரைப் போடவில்லை. ஆனால் லாங்போர்டிலிருந்து சின்னப் போர்டுக்கு மாற நினைக்கிற வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது, அதற்காகத்தான் நடந்ததை எழுதுகிறேன்.

மூன்று வருடமாக ஒன்பதடி லாங்போர்டில்தான் அலைச்சறுக்கு. சிங்கப்பூரில் நமக்கு அலை ஏது, வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வுட்லண்ட்ஸ் எல்லை தாண்டி மலேசியாவில் செனாய்–தேசாரு நெடுஞ்சாலையில் ஏறிவிடுவேன், லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் செராத்திங். கணக்குப் பார்த்தால் வருடத்தில் பதினைந்து நாள் தண்ணீரில் இருந்தாலே அதிகம். எடை 74 கிலோ. இந்த இரண்டையும் கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன்.

அவரும் தமிழர். "மூணு வருஷம் லாங்போர்டு அடிச்சிருக்க தம்பி, இதெல்லாம் உனக்கு ஒரு மாசத்துல பழகிடும்" என்று ஆறடி நீளத்தில், மூக்கு கூர்மையாக, வால் பக்கம் முழுக்க ஆரஞ்சு நிறம் அடித்த ஒரு எபாக்சி போர்டை எடுத்து வைத்தார். எத்தனை லிட்டர் என்று கேட்டேன் (போர்டின் கொள்ளளவு அது, எவ்வளவு மிதக்கும் என்பது அதை வைத்துத்தான் தெரியும்). "முப்பத்தஞ்சு வரும்" என்றார். பொதுவாக நீளம், அகலம், கனம் மூன்றும் போர்டின் அடிப்பக்கம் நடுவில் எழுதியிருக்கும், இப்போதெல்லாம் பெரும்பாலும் லிட்டரும் சேர்ந்தே இருக்கும். இதில் அந்த இடத்தின் மேலும் பெயிண்ட் ஓடியிருந்தது. கேட்டதற்கு, பழைய ஓனர் அழகுக்காக அடித்தது என்றார். நம்ம ஆள் சொல்கிறார், அண்ணன் மாதிரிப் பேசுகிறார் என்று விலைகூடப் பேசாமல் பணத்தைப் பேநவ்வில் அனுப்பிவிட்டேன்.

டிசம்பரில் தேசாரு. போர்டில் படுத்தாலே நெஞ்சுவரை தண்ணீர். லாங்போர்டில் அலை வருவதற்கு வெகு முன்னாலேயே நாலு கை போட்டால் வேகம் பிடித்துவிடும். இதில் தோள் கழன்று விழுகிற மாதிரி பேடல் அடித்தும் அலை என்னை விட்டுவிட்டுப் போய்விடும், இல்லையென்றால் அது உடைகிற கடைசி நொடியில் பிடித்து மூக்கு குத்தித் தலைகீழாக விழுவேன். இரண்டு நாளில் ஒரு அலையில்கூட நிற்க முடியவில்லை. எனக்குத்தான் வரவில்லை என்று நினைத்து, ஜிம்மில் தோளுக்குத் தனியாகப் பயிற்சியெல்லாம் எடுத்தேன்.

இரண்டாவது முறை போய் வந்த மறுநாள் காலையில்தான் சந்தேகம் வந்தது. போர்டைக் காரிடார் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். அதன் வால் அடியில், கைக்குட்டை அகலத்துக்கு ஈரம். துடைத்தேன். மத்தியானம் மறுபடி ஈரம். குனிந்து பார்த்தால் நடு ஃபின் பெட்டியின் (அடியில் துடுப்பு பொருத்தும் குழி) ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், நாள்பட்ட மாதிரி ஒரு புளித்த வாடை. லக்கேஜ் தராசில் மாட்டிப் பார்த்தேன், 3.9 கிலோ. வாங்கிய அன்று எடை போட்டபோது 3.1.

ஜொகூரில் போர்டு ரிப்பேர் பார்க்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கட்டைவிரலால் ஆரஞ்சுப் பகுதியை அழுத்தினார், லேசாக உள்ளே போய் எழும்பியது. விரல் முட்டியால் தட்டினார், மற்ற இடத்தில் டக் டக் என்ற சத்தம் அங்கே மட்டும் மொத்தையாக வந்தது. பெயிண்டைத் தேய்த்ததும் அகலவாக்கில் ஒரு ரெயிலிலிருந்து (பக்க விளிம்பு) மறு ரெயில்வரை போகும் ஒட்டு தெரிந்தது. "தம்பி, இது ஏற்கெனவே ஒடிஞ்ச போர்டு. ஒட்டினவனும் தப்பா ஒட்டியிருக்கான்" என்றார். வெட்டித் திறந்தால் உள்ளே என் கைமுஷ்டி நுழையும் அளவுக்குப் பொந்து.

காரணத்தையும் அவரே சொன்னார். எபாக்சி போர்டுகளில் உள்ளே இருப்பது பெரும்பாலும் மார்க்கெட்டில் மீன் வைக்கிற வெள்ளைப் பெட்டி மாதிரியான பாலிஸ்டைரின் ஃபோம். அதன் மேல் எபாக்சி ரெசின்தான் (காய்ந்து இறுகும் ஒரு பிசின்) போட வேண்டும். விலை குறைவு, சீக்கிரம் காயும் என்று பாலியஸ்டர் ரெசினை ஊற்றினால், அதில் இருக்கும் ஸ்டைரின் ஃபோமைக் கரைத்துத் தின்றுவிடும். வெளியே வழவழப்பாக இருக்கும், உள்ளே ஓட்டை, அதில் கடல் தண்ணீர். பழைய பாலியூரித்தேன் ஃபோம் போர்டாக இருந்தால் அதே ரெசின் ஒன்றும் செய்யாது. ரிப்பேரும் பார்க்கிற அந்தக் கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை, எனக்கு அதுதான் ஆறவில்லை.

அப்புறம் போர்டின் மாடல் பெயரை வைத்துத் தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலில் தேடினேன். அந்த நீளத்துக்கு 27.8 லிட்டர். முப்பத்தைந்து கிடையவே கிடையாது. ஒரே ஆறடி நீளத்தில் 27-ம் இருக்கும், 38-ம் இருக்கும், அகலமும் கனமும் அப்படி மாறும், அதனால் நீளத்தை மட்டும் கேட்டு வாங்கவே வாங்காதீர்கள். ஜொகூர் அண்ணன் எனக்குச் சொன்ன அளவு: ஆறரை அடியிலிருந்து ஏழடி, மூக்கு அகலம், அடியில் வளைவு குறைவு, 40 லிட்டருக்குக் கீழே இறங்காதே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடலைப் பார்க்கிற ஆளுக்கு 28 லிட்டர் போர்டை விற்றதே தப்பு என்றார்.

பழைய போர்டு என்றால் விரலால் முழுக்க அழுத்திப் பாருங்கள், தட்டிப் பாருங்கள், கைபேசி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். குறுக்கே பெயிண்ட் அடித்திருந்தால், ஏன் என்று சரியான பதில் வரும்வரை காசை எடுக்காதீர்கள். என்ன ஃபோம், எங்கே ரிப்பேர், எத்தனை லிட்டர், இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். என்னிடம் அந்த "35 வரும்" எழுத்தில் இல்லை, அதுதான் இப்போது இடிக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பழைய பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது என்று ஒரே வரியில் பதில், அதற்குப் பிறகு போனே எடுப்பதில்லை. அவர் சொன்னது சரியில்லை. 2012 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரில் நடப்பில் இருக்கிற லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை வாங்கியவருக்கான பாதுகாப்பு) கடைகள் விற்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அது இருந்தது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்று காட்ட வேண்டியது கடையின் வேலை. தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை, கவனம். சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளைம்ஸ் டிரிபியூனலில் 10 வெள்ளி கட்டி மனு போட்டிருக்கிறேன், வெட்டித் திறந்த படங்களும் ரிப்பேர் அண்ணன் எழுதிக் கொடுத்த குறிப்பும் சேர்த்து.

முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன். அதுவரை யாராவது பழைய போர்டு பார்க்கப் போவதாக இருந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில் கூட வருகிறேன், தராசும் எடுத்து வருகிறேன்.