றாலி அட்டைப் பெட்டி: அட்டைக்காக வாங்கலாம், கூம்புக்காக வேண்டாம்

றாலி என்பது, வழிநெடுக வைத்த அட்டைகளின் குறிகளை ஆள் வாசிக்க, ஆளும் நாயும் சேர்ந்து நடந்து செய்யும் போட்டி. அதை வீட்டில் நாய்க்குப் பழக்குவதற்கென்று இணையத்தில் விற்கும் இந்தப் பெட்டிக்குள் லமினேட் செய்த ஏ4 அட்டைகள், அவற்றை நிறுத்தக் கம்பித் தாங்கிகள், ஆறு பிளாஸ்ரிக் கூம்புகள், ஒரு வழிகாட்டித் தாள். அட்டைகள் நல்ல சாமான். மற்றவை யாழ்ப்பாணத்து வளவுக்குச் சரிவராது.

சோளகக் காற்று அடித்தால் கம்பித் தாங்கி நிற்காது. அது விழும் சத்தத்துக்கு மிரண்ட குட்டி, பிறகு அந்தப் பக்கமே வராது. ஒன்றரை லீற்றர் போத்தலில் அரைவாசிக்கு மண் நிரப்பி, அட்டையை றப்பர் பட்டியால் கட்டிவிடுங்கள், அசையாது. கூம்புக்கும் அதே போத்தல் போதும். வளைந்து நெளிந்து போகும் நடைக்குப் போத்தல்களுக்கிடையே 6 முதல் 8 அடி விடவேண்டும். முற்றம் சின்னது என்று 4 அடியில் வைத்தால் நாய் இடிபட்டு, காலை விட்டு விலகி நடக்கப் பழகிவிடும். அதைத் திருத்துவது பெரும்பாடு.

அமெரிக்காவின் நாய்ச் சங்கமான அமெரிக்கன் கெனல் கிளப் 2005 முதல் பட்டம் வழங்கிவரும் றாலியின் தொடக்க நிலை அடையாளங்களே அட்டைகளில் இருக்கின்றன. அந்த நிலையில் ஒரு சுற்றுக்கு 10 முதல் 15 அட்டை. 100க்கு 70 எடுத்தால் தேர்ச்சி. நாயோடு கதைக்கலாம், தட்டிக்கொடுக்கக் கூடாது. கயிறு இறுகினால் புள்ளி போகும். அம்புக்குறிகள் தடிப்பாக இருப்பதால் நடந்துகொண்டே வாசிக்க முடிகிறது.

வழிகாட்டித் தாள்தான் பிழை. முதல் நாளே 360 பாகை திரும்பச் சொல்கிறது. அட்டையை வாசிப்பது ஆள், நாய் இல்லை. நாய்க்கு முதலில் வேண்டியது, ஆள் நின்றவுடன் இடது காலோரம் நேராகக் குந்தத் தெரிவது. தீனை இடக்கையால், தொடையோரமாகக் கொடுங்கள். வலக்கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டினால் நாய் முகத்தை உள்ளே திருப்பும், பின்பக்கம் வெளியே போகும், கோணலாகத்தான் குந்தும். மதிலோரம் பழக்கினால் பின்பக்கம் விலக இடமில்லை. கிடுகு வேலியோரம் வேண்டாம், மூக்கு முழுக்க ஓலைக்குள்தான் நிற்கும்.

இடப்பக்கம் திரும்பும்போது நாய் முழங்காலில் மோதுவது அடங்காமையால் அல்ல. பின்காலைத் தனியாக எடுத்துவைக்க அதற்குத் தெரியாது. 4 அங்குலச் சீமெந்துக் கல்லைப் படுக்கவைத்து முன்கால் இரண்டையும் அதன்மேல் வைக்கப் பழக்குங்கள். பிறகு நீங்கள் அதன் தலைப்பக்கமாக அரையடி நகருங்கள். முன்கால் கல்லில் நிற்க, பின்கால் ஒன்று உங்கள் பக்கமாக எட்டிவைக்கும். வைத்த அந்தக் கணமே தீன். நாய் முழுதாகத் திரும்பும்வரை காத்திருந்தால் எதற்குத் தீன் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. முன்கால் கல்லில் நிற்கப் பின்கால் சுற்றிவருவது சரளமாக வந்தபின்தான் திரும்பும் அட்டைகளை வெளியே எடுக்கவேண்டும்.

தீனுக்கு உப்பில்லாமல் அவித்த கோழி ஈரல், கச்சான் பருப்பில் பாதியளவாக வெட்டியது. கருவாடு வேண்டவே வேண்டாம், அதில் உப்பு அதிகம். காலை 7 மணிக்கு முன் ஐந்து நிமிடம், பின்னேரம் வெயில் தாழ ஐந்து நிமிடம்.

லமினேட்டின் விளிம்பு ஒட்டு பலமில்லை. ஐப்பசி மழைக்கு முன் நாலு ஓரமும் செலோரேப் ஒட்டிவையுங்கள்.