பெயர் ரீட்டுக்கு, படிக்க வேண்டியதோ ஹென்ச்சின் கடிதங்கள்

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவ நூலகத்தில் இருக்கும் மஞ்சள் காய்ச்சல் கடிதத் தொகுப்பைப் பற்றிய விமர்சனம் இது. முழுப் பெயர் 'பிலிப் எஸ். ஹென்ச் வால்டர் ரீட் மஞ்சள் காய்ச்சல் தொகுப்பு'. பெயரைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், மூலக் கடிதத்தின் படமும் இருக்கிறது, பலவற்றுக்குத் தட்டச்சு செய்த படியும் இருக்கிறது. மருத்துவ வரலாற்றில் கொஞ்சமாவது ஆர்வம் உள்ளவர்களுக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். அந்த அரை மதிப்பெண் எங்கே போனது என்று கடைசியில் சொல்கிறேன்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1900இல் அமெரிக்க ராணுவம் மஞ்சள் காய்ச்சலை கியூபாவில் ஆராய நான்கு மருத்துவர்களை நியமித்தது: வால்டர் ரீட், ஜேம்ஸ் கேரல், ஜெஸ்ஸி லஸீர், அரிஸ்டிடெஸ் அக்ரமோன்ட்டே. கொசுதான் நோயைப் பரப்புகிறது என்று ஹவானா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881லேயே சொல்லியிருந்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவர்கள் அவரிடமே கொசு முட்டைகளை வாங்கி வளர்த்து, மனிதர்களைக் கடிக்கவிட்டு நிரூபித்தார்கள். பாடப்புத்தகத்தில் இது ஒரு பத்தி. இந்தத் தொகுப்பில் அதே விஷயம் ஒவ்வொரு நாளாக, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத ஆட்களின் கையெழுத்தில் வருகிறது. வித்தியாசம் அங்கேதான்.

ஓர் உதாரணம். 1900 ஆகஸ்ட் 27 அன்று கேரல் தன் கையைக் கொசுவுக்குக் கொடுத்தார், சில நாளில் படுத்தபடுக்கையானார், சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். ரீட் அப்போது வாஷிங்டனில். கேரல் பிழைத்துக்கொள்வார் என்ற செய்தி கிடைத்ததும் செப்டம்பர் 7 அன்று துள்ளிக் குதிக்காத குறையாக அவருக்கே ஒரு கடிதம் எழுதுகிறார், அதில் 'கொசுதான் காரணமா?' என்று ஒரு கேள்வியும் போடுகிறார். அடுத்த நாள், செப்டம்பர் 8, கியூபாவிலிருந்து லஸீர் தன் மனைவி மேபலுக்கு எழுதுகிறார்: உண்மையான கிருமியின் தடத்தைப் பிடித்துவிட்டதாக நினைக்கிறேன், ஆனால் இப்போதைக்கு யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து படித்துப் பாருங்கள். ஒருவர் ஆரவாரம் செய்கிறார், மற்றவர் வாயைப் பொத்திக்கொள்கிறார், இடையில் ஒரே ஒரு நாள். செப்டம்பர் 25 அன்று லஸீர் மஞ்சள் காய்ச்சலால் இறந்துபோனார், வயது 34. சில வாரங்களுக்கு முன்னால் பிறந்திருந்த இரண்டாவது குழந்தையை அவர் பார்க்கவே இல்லை.

லஸீர் தன் தாய்க்கு எழுதிய கடிதங்களையும் விட்டுவிடாதீர்கள். ஆராய்ச்சியாளர் என்ற தோரணையே இல்லாத, வீட்டுப் பிள்ளையின் கடிதங்கள்.

ரீட்டின் கடிதங்களில் பிரபலமானது 1900 டிசம்பர் 31 இரவு மனைவி எமிலிக்கு எழுதியது. பழைய நூற்றாண்டு முடிய இன்னும் பத்து நிமிடம் என்று ஆரம்பிக்கிறார் (நூற்றாண்டு 1900 டிசம்பரில்தான் முடியும் என்று கணக்குத் தெரிந்த மனுஷர்!). 1853இல் வந்த ஒரு மஞ்சள் காய்ச்சல் நூலைப் படித்துக்கொண்டிருந்ததாகவும், 47 வருடம் கழித்து இந்த நோயின் மேல் கிடந்த திரையை விலக்கும் பேறு தனக்கும் தன் உதவியாளர்களுக்கும் கிடைத்ததாகவும் எழுதுகிறார். உருக்கமான கடிதம்தான், மறுக்கவில்லை. ஆனால் 'உதவியாளர்கள்' என்ற அந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். சக உறுப்பினர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? யாருக்கு எவ்வளவு பெருமை என்ற தகராறு பிறகு நீண்டுகொண்டே போனது, 1915இல் அக்ரமோன்ட்டே தன் தரப்பைத் தனியாக எழுதி வெளியிட்டார்.

சரி, ஹென்ச்சுக்கு வருவோம், என்னைப் பொறுத்தவரை தொகுப்பின் உயிரே அங்கேதான். பிலிப் ஹென்ச் மஞ்சள் காய்ச்சல் ஆராய்ச்சியாளர் அல்ல, மேயோ கிளினிக்கில் மூட்டுவாத மருத்துவர். கார்ட்டிசோன் மருந்து பற்றிய பணிக்காக 1950இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அப்படிப்பட்ட ஆள் 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1965இல் இறக்கும்வரை, ஓய்வு நேரத்தையெல்லாம் கொட்டி, அந்தப் பரிசோதனைகளில் பங்கெடுத்து இன்னும் உயிரோடு இருந்தவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பத்தாருக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். தானாக முன்வந்து கொசுக்கடி வாங்கிய ஜான் மோரான், ஜான் கிஸ்ஸிங்கர், லஸீரின் மனைவி, ரீட்டின் மகள், ராணுவ மருத்துவர்கள் ட்ரூபி, கீன் என்று பட்டியல் நீளும். பரிசோதனை நடந்த லஸீர் முகாம் சரியாக எந்த இடத்தில் இருந்தது என்பதுகூட மறந்துபோயிருந்த காலம். ஹென்ச் எழுதிக் கேட்டுக் கேட்டு, 1940இல் கியூபாவுக்கே போய், மோரானோடு சேர்ந்து, ஒரு பண்ணையில் அந்த முதல் கட்டடம் இன்னும் நிற்பதைக் கண்டுபிடித்தார். 1952இல் அந்த இடம் நினைவிடமானது.

அந்தக் கட்டடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நோயாளிகளின் துணி வழியாக நோய் பரவுகிறது என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். அதைச் சோதிக்க ராபர்ட் குக் என்ற இளம் மருத்துவரும் இரண்டு சிப்பாய்களும் வாந்தியும் மலமும் படிந்த நோயாளிகளின் படுக்கைகளில், காற்றோட்டமில்லாத அந்த அறையில் 20 இரவுகள் தூங்கினார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. இரண்டாவது கட்டடத்தில் நடுவில் கம்பிவலை, ஒரு பக்கம் கொசு, மறுபக்கம் இல்லை. கொசுப் பக்கத்தில் படுத்த மோரான் கிறிஸ்துமஸ் நாளில் காய்ச்சலில் விழுந்தார், வலைக்கு மறுபக்கம் இருந்தவர்கள் நன்றாக இருந்தார்கள்.

லஸீரைக் கடித்த கொசு தற்செயலாக வந்ததா, அவரே கடிக்கவிட்டாரா? லாஸ் அனிமாஸ் மருத்துவமனையில் கையில் வந்து உட்கார்ந்த கொசுவை விரட்டாமல் விட்டுவிட்டேன் என்று அவர் படுக்கையில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. காப்பீட்டுப் பணம் குடும்பத்துக்குக் கிடைக்காமல் போகும் என்று உண்மையை மறைத்திருக்கலாம் என்றும் ஓர் ஊகம் உண்டு. அவருடைய சிறிய குறிப்பேடோ, ரீட் 1902இல் இறந்த பிறகு காணாமலே போனது. அதனால் ஹென்ச் விடாமல் தோண்டுகிறார். நாற்பது வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதுபவர்களின் பதில்களை 1900இன் காகிதங்களோடு வைத்துப் பார்க்கிறபோது, சாட்சி என்றால் என்ன என்று ஒரு வழக்கறிஞரைப் போல யோசிக்க ஆரம்பித்துவிடுவோம். இத்தனைக்கும் ஹென்ச் எழுத நினைத்த புத்தகத்தை எழுதி முடிக்கவே இல்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. புத்தகம் வந்திருந்தால் அவர் முடிவு மட்டும் நமக்குக் கிடைத்திருக்கும், இப்போது அவர் கேட்ட கேள்விகளும் கிடைக்கின்றன. அவர் மறைவுக்குப் பின் மனைவி எல்லாவற்றையும் வர்ஜீனியாவுக்கே கொடுத்தார். ரீட் 1869இல், 17 வயதில், மருத்துவப் பட்டம் வாங்கிய இடம் அது. ஹென்றி ரோஸ் கார்ட்டரின் தாள்களும் அதே நூலகத்தில்தான். முதல் நோயாளிக்கும் அடுத்தவர்களுக்கும் இடையே சில வார இடைவெளி இருப்பதை மிசிசிப்பி கிராமங்களில் கவனித்து, கொசுதான் காரணம் என்ற முடிவுக்கு வழிகாட்டியவர் கார்ட்டர்.

இனி அந்த அரை மதிப்பெண். தொகுப்பைச் சேர்த்தவர் ரீட்டின் அபிமானி, அது தெரிகிறது. அமெரிக்க மருத்துவர்களும் சிப்பாய்களும் கடிதம் கடிதமாகப் பேசுகிறார்கள். அதே முகாமில் கொசுக்கடி வாங்கிய ஸ்பானியக் குடியேறிகள் பெரும்பாலும் ஒப்பந்தத் தாளில் ஒரு பெயராகத்தான் தெரிகிறார்கள். அந்த ஒப்பந்தத்தைக் கட்டாயம் படியுங்கள். பங்கெடுத்தால் 100 டாலர் தங்கமாக, நோய் வந்தால் இன்னொரு 100, இறந்தால் அவர் குறிப்பிடும் ஆளுக்குப் பணம், முகாமை விட்டு வெளியேறினால் பணம் கிடையாது. உயிருக்கு ஆபத்து என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஆனால் அடுத்த வரியில், இந்தத் தீவில் இருந்தால் எப்படியும் நோய் தொற்றத்தான் போகிறது, அதனால் நல்ல கவனிப்போடு இங்கேயே வரவழைத்துக்கொள்கிறேன் என்கிற வாதமும் வருகிறது. பரிசோதனைக்கு உட்படுபவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய ஆரம்பகால ஆவணம் என்று மருத்துவ அறவியல்காரர்கள் இதைக் கொண்டாடுவார்கள், அது நியாயம்தான். கையெழுத்துப் போட்டவர் அன்றிரவு யாருக்காவது கடிதம் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்ற கேள்விக்கு மட்டும் இங்கே பதில் இல்லை. ஃபின்லேயும் பெரும்பாலும் மற்றவர்கள் கண்வழியாகத்தான் வருகிறார், அவரை முழுசாகப் புரிந்துகொள்ள கியூபா பக்கத்து எழுத்துகளைத் தேடிப் போக வேண்டும்.

யாருக்குச் சரிவராது? மஞ்சள் காய்ச்சல் வைரஸ், தடுப்பூசி, இன்றைய நிலவரம் தேடி வருபவர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை, வேறு இடம் பாருங்கள். அப்புறம், ஒரே மூச்சில் வாசிக்க உட்காராதீர்கள், பழைய கூட்டெழுத்து கண்ணைப் பிடுங்கும், தட்டச்சுப் படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் போகலாம். முதலில் 1900 செப்டம்பர் கடிதங்கள், பிறகு ஒப்பந்தம், பிறகு டிசம்பர் 31, அதன்பின் நேராக மோரானுக்கும் ஹென்ச்சுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து. நான் சொல்லும் வரிசை இதுதான்.