சுண்ணாம்பு நீரா, இரட்டைக் கரைசலா? ஊட்டிக் குளிரில் கோரலைன் பாசி

ஊட்டியில் உப்புநீர்த் தொட்டி வைத்தவனுக்கு முதல் கவலை ஹீட்டர். பாறையில் ஊதா நிறம் பிடிக்கவில்லையே என்ற கவலை அப்புறம்தான் வரும். அந்த ஊதாதான் கோரலைன் பாசி. அது தன் உடம்பையே சுண்ணாம்பால் கட்டிக்கொள்வது, அதனால் கால்சியம் 400–450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), காரத்தன்மை 8–10 டிகேஎச் (அதை அளக்கும் அலகு), மெக்னீசியம் 1300 பக்கம், இந்த மூன்றும் ஆடாமல் நிற்க வேண்டும்.

விதை விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. ஸ்போர் (பாசியின் வித்து) என்று பாட்டிலில் விற்றதை ஊற்றி மூன்று மாதம் காத்திருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. குன்னூர் நண்பரின் தொட்டியில் சுரண்டிய ஊதாத் தூள் ஒரு ஸ்பூன் போட்டேன், ஏழாவது வாரம் பம்பின் பின்பக்கம் கடுகளவு புள்ளிகள். மன்னார் வளைகுடாவில் ஒரு பவளக் கல் எடுத்து வந்தால் போச்சு என்பவர்களுக்கு: பவளம் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அந்தப் பேச்சே வேண்டாம்.

சரி, தீனிக்கு வருவோம். பாசி இழுத்துக்கொள்ளும் கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஈடுகட்ட இரண்டு வழி: இரட்டைக் கரைசல், அல்லது சுண்ணாம்பு நீர், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த தண்ணீர். இரட்டைக் கரைசல் என்பது கால்சியம் குளோரைடு ஒரு பாட்டில், காரத்தன்மைக்குச் சோடா (சோடியம் கார்பனேட் அல்லது பைகார்பனேட்) ஒரு பாட்டில். கால்சியம் மட்டும் குறைந்தால் அதை மட்டும் ஏற்றலாம். சுண்ணாம்பு நீரால் அது முடியாது, இரண்டையும் சேர்த்துத்தான் ஏற்றும். ஆனால் இரட்டைக் கரைசலில் குளோரைடும் சோடியமும் சேர்ந்து உப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகும்.

சுண்ணாம்பு நீரை, ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு ஈடாகத்தான் விட முடியும். கடலோரப் புழுக்கத்தில் தண்ணீர் சுலபமாக வற்றாது. இங்கே 25 டிகிரி தண்ணீர் 12 டிகிரி அறையில் உட்கார்ந்திருக்கிறது, ஆவி ஜன்னலில் போய்ப் படிந்து சொட்டுகிறது, "சுவரெல்லாம் ஏன்டா இப்படி வேர்க்குது" என்று அம்மா கேட்காத நாளில்லை. என் இரண்டடித் தொட்டியில் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் குறைகிறது. வேறொன்றும் உண்டு: குளிருக்குக் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு எல்லோரும் உள்ளேயே இருப்பதால் அறையில் கார்பன் டை ஆக்சைடு கூடி, இரவில் பிஎச் 7.8 வரை இறங்கிவிடும், சுண்ணாம்பு நீர் அந்த வாயுவைப் பிடித்துக்கொண்டு பிஎச்சைத் தூக்கும். சோடா பாட்டிலில் இருப்பது ஆப்பசோடா என்றால், இந்த உதவியைச் செய்யாது.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைக்காதீர்கள், அதில் என்னென்ன கலந்திருக்குமோ. உணவுத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு, லிட்டருக்கு அரை கிராம், தெளிந்த பிறகு மேல்நீரை மட்டும் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் வழியாக ராத்திரி சொட்டுச் சொட்டாக. ஒரு நாள் அவசரத்தில், கெட்டியாகக் கரைத்ததை அரை லிட்டர் அப்படியே கவிழ்த்தேன். தொட்டி மோர் போல வெளுத்து, மீனெல்லாம் மூலையில் ஒண்டிக்கொண்டது.

இப்போது தினமும் சுண்ணாம்பு நீர்தான். ஞாயிறு டெஸ்டில் கால்சியம் 400க்குக் கீழே காட்டினால் மட்டும் குளோரைடு பாட்டிலைத் திறக்கிறேன், மெக்னீசியத்தை மாதம் இருமுறை தண்ணீர் மாற்றுவதே பார்த்துக்கொள்கிறது. பின்கண்ணாடி முழுக்க ஊதா. முன்கண்ணாடியில் சுரண்டியதைக் கோத்தகிரியில் ஒருவர் கேட்டிருக்கிறார், ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.