ஸ்ட்ராஸ்பூர்: எட்டுக் குழலும் முன்னால் இருக்கும் கப்பலோடு இரண்டு சீசன்

நான் வாங்கியது டன்கெர்க் ரகப் பிரெஞ்சுப் போர்க்கப்பலின் மாடலுக்கான ஃபைபர் கிளாஸ் ஹல், அதாவது கப்பலின் வெற்று உடல். கட்டி முடித்தது அந்த ரகத்தின் இரண்டாவது கப்பலான ஸ்ட்ராஸ்பூரை. இரண்டு சீசன் சண்டை போட்டாகிவிட்டது. நான்கு முறை குளத்தின் அடிக்குப் போய் வந்திருக்கிறது. வாங்கலாமா, பிரெஞ்சுக் கப்பல் சரிப்படுமா என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போவதால் மொத்தத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இருந்த நிஜப் போர்க்கப்பல்களை 144-ல் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டுகிறோம். ரேடியோவில் ஓட்டுகிறோம். கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் உலோகக் குண்டுகளைச் சுடுகிறோம். கப்பலின் பக்கவாட்டில் மெல்லிய பால்சா மரத்தோல்தான் இருக்கும். குண்டு துளைக்கும், தண்ணீர் ஏறும், பம்ப் ஈடுகொடுக்காவிட்டால் கப்பல் நிஜமாகவே மூழ்கும். 1970-களின் கடைசியில் டெக்சஸ் பக்கம் தொடங்கிய பொழுதுபோக்கு இது. சில குழுக்களில் எல்லாக் கப்பலுக்கும் ஒரே அளவு குண்டு. கலிபோர்னியாவில் நான் இருக்கும் குழு 'பிக் கன்' முறை: நிஜப் பீரங்கி பெரிதானால் குண்டும் பெரிது, நிஜக் கவசம் தடிமனானால் பால்சாவும் தடிமன், டரட்டுகள், அதாவது பீரங்கிகள் இருக்கும் கூண்டுகள், சுழலும். நான் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் இந்த முறைக்குத்தான். ஒரே அளவு குண்டு முறையில் பின்பக்கப் பீரங்கி இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம்; அங்கே இந்தக் கப்பலை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இதற்கு முன் மூன்று வருடம் ஜெர்மன் போர்க்கப்பலான பிஸ்மார்க்கின் மாடல் ஓட்டினேன். அழகான கப்பல், குறையே சொல்ல முடியாது. ஆனால் அதன் எட்டுப் பீரங்கியும் இரண்டிரண்டாக நான்கு டரட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு டரட்டுக்கும் சுழற்ற ஒரு மோட்டார், தனி காஸ் குழாய், தனி வால்வு, குண்டு நிரப்பும் அறை. எல்லாமே நான்கு. சண்டைக்கு முந்தைய சனிக்கிழமை இரவெல்லாம் ஏதோ ஒரு டரட்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டன்கெர்க் ரகத்திலும் அதே எட்டுப் பீரங்கிதான், ஆனால் நான்கு நான்காக இரண்டே டரட்டில், இரண்டும் கப்பலின் முன்பக்கத்தில். சுழலும் சாதனங்கள் பாதியாகக் குறைந்துவிடுகின்றன. நான் வேலை பார்ப்பது லேத் பட்டறையில். உதிரிபாகம் குறைந்தால் கோளாறும் குறையும் என்பது எனக்குத் தினமும் கண்ணால் பார்க்கும் விஷயம்.

பிரெஞ்சுக்காரர்கள் ஏன் இப்படிக் கட்டினார்கள் என்பது குளத்தில் இறங்கிய பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஜெர்மனியின் டாய்ச்லாந்து ரகக் கப்பல்களைத் துரத்திப் பிடிப்பதற்காக 1932-ல் டன்கெர்க்கைக் கட்டத் தொடங்கினார்கள். துரத்துகிற கப்பலுக்கு எதிரி எப்போதும் முன்னால்தான். பீரங்கிகளை ஒரே பக்கம் சேர்த்து வைத்தால் கவசம் போட வேண்டிய நீளமும் குறையும், எடையும் மிச்சம். என் மாடலின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், அகலம் 21.6 சென்டிமீட்டர். பிஸ்மார்க்கில் எட்டுக் குழலும் பேச வேண்டுமென்றால் பக்கவாட்டைத் திருப்பிக் காட்டியே ஆக வேண்டும், அதாவது எதிரிக்கு ஒன்றே முக்கால் மீட்டர் இலக்கு. ஸ்ட்ராஸ்பூரில் மூக்கை எதிரிக்கு நேராக வைத்துக்கொண்டே எட்டையும் சுடலாம். அவனுக்குத் தெரிவது என் அகலம் மட்டும்தான். போன ஜூனில் முதல் முறையாக இதைச் சரியாகச் செய்தேன். மூன்று மீட்டர் தூரத்தில் நேர் எதிரே போய் நின்று ஒரே மூச்சில் சுட்டதில், எதிர்க் கப்பலின் நீர்மட்டக் கோட்டை ஒட்டி ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் ஐந்து ஓட்டை விழுந்தது. இரண்டு பம்ப் மாற்றியும் அவர் கரை சேரவில்லை என்று எழுத ஆசைதான்; ஆனால் சேர்ந்துவிட்டார், அடுத்த சுற்றில்தான் மூழ்கினார்.

சரி, எல்லா முட்டையும் இரண்டே கூடையில் என்றால் ஒன்று விழுந்தால் பாதி போச்சே? போகும். முதல் சீசனில் மூன்று சண்டை எனக்கு அப்படித்தான் போயிற்று. முன் டரட்டில் ஒரே ஒரு குழலின் ஓ ரிங் (காஸ் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கிழிந்து காஸ் கசிந்தது. நான்கு குழலும் ஒரே வால்வில் இருந்ததால் நான்கும் ஊமையாகிவிட்டன.

இதே பயம் நிஜக் கப்பலைக் கட்டியவர்களுக்கும் இருந்திருக்கிறது. அதனால் டரட்டுக்குள்ளேயே நடுவில் ஒரு கவசச் சுவர் எழுப்பி, நான்கு குழல் டரட்டை இரண்டு இரட்டைக் குழல் அறைகளாகப் பிரித்தார்கள். இரண்டு டரட்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட 27 மீட்டர் இடைவெளியும் விட்டார்கள். அந்தச் சுவருக்குச் சோதனை 1940 ஜூலை 3 அன்று வந்தது. அல்ஜீரியாவின் மெர்ஸ்-எல்-கெபீர் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கப்பற்படை சுட்டதில் டன்கெர்க்கின் இரண்டாவது டரட் மேல் குண்டு விழுந்தது. வலது பாதியில் இருந்த வீரர்கள் இறந்துபோனார்கள். இடது பாதி தொடர்ந்து சுடும் நிலையில் இருந்தது. அன்று ஸ்ட்ராஸ்பூர் துறைமுகத்தை விட்டுத் தப்பி, மறுநாள் பிரான்சின் டூலோன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அங்கே நின்ற இன்னொரு பிரெஞ்சுப் போர்க்கப்பலான பிரெத்தாஞ் வெடித்துக் கவிழ்ந்ததில் 977 பேர் இறந்தார்கள். பட்டறை மேசையில் டரட் மூடியைத் திறக்கும்போது அந்த நாள் எனக்கு ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

நானும் அந்தச் சுவரை எழுப்பினேன். பித்தளையில் டரட் அடித்தட்டைக் கடைந்து, நடுவில் இரண்டு மில்லிமீட்டர் தகடு வைத்து, இடது இரண்டு குழலுக்கு ஒரு சோலினாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடுவது), வலது இரண்டுக்கு இன்னொன்று என்று பிரித்துவிட்டேன். குண்டு நிரப்பும் அறையும் இரண்டு. வால்வு எண்ணிக்கை மறுபடி நான்காகிவிட்டது, உண்மைதான். ஆனால் சுழலும் பாகம் இரண்டே இரண்டுதான், தொல்லை கொடுப்பது எப்போதும் சுழலும் பாகம்தான். இந்த சீசனில் ஒரு முறை வலது பாதி அடைத்துக்கொண்டது. மீதி ஆறு குழலோடு சண்டையை முடித்தேன்.

இப்போது ஹல்லைப் பற்றி. விற்றவர் பெயர் வேண்டாம். வார்ப்பு நன்றாக இருக்கிறது. முன்பக்க வளைவு கூர்மையாக வந்திருக்கிறது, ஃபைபர் தடிமன் எல்லா இடத்திலும் சீராக இருக்கிறது, பால்சா ஒட்டுவதற்காகப் பக்கவாட்டில் ஜன்னல் வெட்டும்போது நடுவே விடும் விலா எலும்புகள் எங்கும் பிளக்கவில்லை. குறை பின்பக்கத்தில். டெக் (மேல்தளம்) விளிம்பு இடதுபுறம் நான்கு மில்லிமீட்டர் உள்ளே வளைந்திருந்தது. மீட்டர் கோல் வைத்த உடனேயே தெரிந்தது. படம் எடுத்து அனுப்பினேன், மூன்று வாரம் பதில் இல்லை, அப்புறம் 'சூடு காட்டி நிமிர்த்திக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி வந்தது. வெந்நீர் ஊற்றி, குறுக்கே மரக்கட்டை கொடுத்து, இரண்டு நாள் வைத்து நிமிர்த்தினேன். நிமிர்ந்துவிட்டது. ஆனாலும் அந்த விலைக்கு இந்த வேலையை வாங்குகிறவன் தலையில் கட்டியிருக்கக் கூடாது.

எடையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். முழுப் பாரத்தில் மாடல் 12 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இரண்டு டரட்டும் முன்னால் இருப்பதால் மூக்கு அழுந்தும். பேட்டரி, காஸ் பாட்டில், பம்ப் மூன்றையும் பின்னால் தள்ளுங்கள். நிஜக் கப்பலில் விமானக் கொட்டகை இருந்த இடம் அது. பெரிய பீரங்கி எதுவும் இல்லாததால் கை நுழைத்து வேலை செய்யத் தாராளமாக இடம் இருக்கும். சண்டைக்கு நடுவே பேட்டரி மாற்ற எனக்கு ஒரு நிமிடம் கூட ஆவதில்லை. பிஸ்மார்க்கில் அதற்குப் பின் டரட்டைத் தூக்க வேண்டியிருந்தது.

கெட்டதும் உண்டு. பின்னால் யாராவது ஒட்டிக்கொண்டால் திருப்பிச் சுட முடியாது. என் நான்கு மூழ்கலில் மூன்று அப்படி வந்தவைதான். வேகமான குரூசர் ஒன்று வாலைப் பிடித்துவிட்டால் திரும்பித் திரும்பியே நேரம் போய்விடும். துணைக்கு ஒரு கப்பல் இல்லாமல் தனியாக இறங்காதீர்கள். இன்னொன்று, பீரங்கி 330 மில்லிமீட்டர்தான், பிஸ்மார்க்கின் 380-க்குக் கிடைக்கும் குண்டை எதிர்பார்க்க முடியாது. ஓட்டை சிறிதாக இருப்பதால் எண்ணிக்கையில்தான் ஈடுகட்ட வேண்டும்.

டன்கெர்க் ஹல்லை வாங்கி ஏன் ஸ்ட்ராஸ்பூராகக் கட்டினேன் என்றால், கவசத்துக்காக. டன்கெர்க்கின் பக்கக் கவசம் 225 மில்லிமீட்டர், ஸ்ட்ராஸ்பூருக்கு 283. ஹல் வடிவம் ஒன்றுதான், மேலே உள்ள கோபுரத்தில்தான் வித்தியாசம். உங்கள் குழுவின் பால்சா அட்டவணையில் இந்த இரண்டு எண்களும் வேறு வேறு வரிசையில் விழுந்தால் யோசிக்கவே வேண்டாம், ஸ்ட்ராஸ்பூர்தான்.

அடுத்து இன்னொரு பிரெஞ்சுப் போர்க்கப்பலான ரிஷெலியூ கட்ட எண்ணம். அதே அமைப்பு, ஆனால் 380 மில்லிமீட்டர் பீரங்கி, மாடலில் 1.72 மீட்டர் நீளம். 1944-ல் அந்தக் கப்பல் பிரிட்டிஷ் படையோடு சேர்ந்து திருகோணமலையில் நின்றது என்று படித்த நாளிலிருந்து அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஹல்லுக்கு வேறொரு விற்பனையாளரிடம் கேட்டிருக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்பே பின்பக்க டெக் விளிம்பில் மீட்டர் கோல் வைத்துப் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.