வள்ளியம்மையா, டாக்டர் குணமா, நவநீதம் பிள்ளையா?

ஆகஸ்ட் நெருங்கிவிட்டால் டர்பன் வட்டாரத் தமிழ் வகுப்புகளில் ஒரு பேச்சு கிளம்பும். தென்னாப்பிரிக்காவின் பெண்கள் நாளுக்குப் பிள்ளைகளிடம் யாருடைய வாழ்க்கையைச் சொல்வது? 1956 ஆகஸ்ட் 9 அன்று கறுப்பினத்தவர் நடமாட அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துச் சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் திரண்டதை நினைவுகூரும் நாள் அது. அதில் நின்ற லிலியன் ஙோயி, ஆல்பெர்ட்டினா சிசுலு பற்றியெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு நடத்தும் எங்களுக்கு மிச்சமிருப்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அங்கேயும் யோசிக்காமல் எல்லோரும் எடுப்பது தில்லையாடி வள்ளியம்மையைத்தான். படம் கிடைக்கிறது, தமிழில் பிரதி கிடைக்கிறது, ஐந்து நிமிட நாடகமாகப் போட்டால் பெற்றோர் கண்கலங்கிக் கைதட்டுகிறார்கள்.

எனக்கு அந்தக் கைதட்டலில் திருப்தியில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லும் வாழ்க்கைக் கதை முடிந்ததும் அவர்களிடமிருந்து கேள்வி வர வேண்டும். அந்த வகையில் வள்ளியம்மை, மருத்துவர் குணம், நீதிபதி நவநீதம் பிள்ளை என்று மூன்று பேரை எடை போட்டுப் பார்த்திருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு டாக்டர் குணம்தான். மற்ற இருவரைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஆனால் ஒருவரை எந்த வயதில் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதில் நாம் ரொம்பவும் அசட்டையாக இருக்கிறோம்.

வள்ளியம்மை 1898இல் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவள். தந்தை முனுசாமி முதலியார், தாய் மங்களம். தரங்கம்பாடிக்குப் பக்கத்திலுள்ள தில்லையாடி குடும்பத்தின் பூர்வீக ஊர். அவள் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. நம் பிள்ளைகளைக் கேட்டால் பாதிப் பேர் அவள் இந்தியாவில் வாழ்ந்தவள் என்றுதான் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் கையிலிருக்கும் பிரதிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் பாரத மாதா இருக்கிறாள், ஜோஹன்னஸ்பர்க் இல்லை. அவள் புதைக்கப்பட்ட பிராம்ஃபான்டெயின் கல்லறைத் தோட்டத்துக்கு இங்கிருந்து ஒரே நாளில் காரில் போய்விடலாம் என்று சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காருகிறது.

வள்ளியம்மை சிறை போனது காந்தி நடத்திய போராட்டத்தில்; அதன் காரணத்தையும் நாம் சரியாகச் சொல்வதில்லை. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்களின் செல்லுபடியையே கேள்விக்குள்ளாக்கியது. அதாவது தாலி கட்டி வாழ்ந்துகொண்டிருந்த பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றானார்கள். இன்னொரு பக்கம் ஒப்பந்தம் முடிந்த கூலிகளின் தலையில் ஆண்டுக்கு 3 பவுன் வரி. ஒப்பந்தக் கூலியின் தொடக்கச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங் என்று சொல்லிவிட்டுக் கணக்கைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவேன். ஆறு மாதச் சம்பளம் என்று அவர்களாகவே கண்டுபிடித்ததும் வரும் கோபம், நான் எத்தனை உரத்த குரலில் சொன்னாலும் வராது.

அந்த ஆண்டு அக்டோபரில் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து பதினொரு பெண்கள் அனுமதியின்றி நேட்டால் மாகாண எல்லையைத் தாண்டினார்கள். கைக்குழந்தையோடு போனவர்களும் அவர்களில் உண்டு. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய் 3 பவுன் வரியைப் பற்றிப் பேசினார்கள். சுரங்கங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. அந்தப் பெண்கள் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனையோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். மட்டமான சாப்பாடு, நாள் முழுக்கத் துணி வெளுக்கும் வேலை. அவர்களுக்குப் பின்னால் தாயோடு கிளம்பியவள் வள்ளியம்மை. டிசம்பரில் அவளுக்கும் மூன்று மாதம் கிடைத்தது. சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயது நிறைந்த நாளில் இறந்தாள்.

படுக்கையில் கிடந்த அவளைக் காந்தி பார்த்ததை அவரே எழுதியிருக்கிறார். நல்ல உயரமான பெண், அந்த உயரத்தில் உடல் இளைத்துக் கிடந்தது காணச் சகிக்கவில்லை என்கிறார். சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று கேட்கிறார். மறுபடி பிடித்தால் மறுபடி போவேன் என்கிறாள். எங்கள் வகுப்பில் இந்த உரையாடலை இருவர் இருவராக வாசிக்க வைப்பதுண்டு. ஒருமுறை ஒரு சிறுமி வாசித்து முடித்துவிட்டு, “டீச்சர், அவளைப் பார்க்க ஒரு பெண் டாக்டர்கூட வரவில்லையா?” என்று கேட்டாள். நாடகத்தில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது.

வள்ளியம்மை கதையில் எனக்குள்ள குறை இதுதான்: நமக்குத் தெரிந்தது நான்கைந்து மாதம், சொல்வது ஒரு சாவு. உயிரை விட்டால்தான் பெரிய ஆள் என்று பத்து வயதுப் பிள்ளை எடுத்துக்கொண்டால் யாரைக் கேட்பது? போதாக்குறைக்கு, சேலையைக் கிழித்துக் கொடியாக வீசினாள் என்று ஒரு காட்சியைச் சேர்த்துவிடுகிறார்கள். காந்தி எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. துணி வெளுத்த கை போதாதா, கொடி வேறு வேண்டுமா?

அந்தப் பதினொரு பெண்களின் பட்டியலையும் காந்தி தந்திருக்கிறார். திருமதி தம்பி நாயுடு, திருமதி முருகேச பிள்ளை, திருமதி பெருமாள் நாயுடு என்று பெரும்பாலும் கணவன் பெயரிலேயே போகிறது பட்டியல். சொந்தப் பெயரோடு நிற்பவர்கள் மணமாகாத இருவர்தான். நியூகாசிலின் வேலைநிறுத்தத்தைத் தொடங்கி வைத்தவர்களுக்கே இந்தக் கதி. தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் என்பதை வேறு இடத்தில் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவருடைய பேத்தி சாந்தி நாயுடு 1969இல் கைதாகித் தனிச்சிறையில் அடைக்கப்பட்டு, நெல்சன் மண்டேலாவின் மனைவி வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்தவர். ஒரே வீட்டில் இரண்டு தலைமுறைச் சிறை. சாந்தியையும் போட்டியில் சேர்க்க ஆசைதான். ஆனால் அந்தக் கதையைத் தனிச்சிறை என்றால் என்னவென்று புரியும் வயதுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

வள்ளியம்மை இறந்தபோது டர்பனில் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பெண் டாக்டர்கூட வரவில்லையா என்ற அந்தக் கேள்விக்குப் பதிலாக வளர்ந்தவள் என்றே சொல்லலாம். 1906இல் பிறந்த குணம், 1928இல் கப்பலேறி எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்கப் போனார். நம் சமூகத்தில் பெண்ணைப் பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்திவிடும் காலம் அது. நம் ஆயாக்களில் எத்தனை பேர் கையெழுத்துப் போடத் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்கள் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்வேன். வந்த பதில்களைக் கரும்பலகையில் எழுதிய பிறகுதான் எடின்பரோ என்ற சொல்லுக்கு எடை கூடும். தென்னாப்பிரிக்க இந்தியர்களின் தலைவர்களான யூசுஃப் தாதூ, மாண்டி நாயக்கர் இருவரும் ஏறக்குறைய அதே காலத்தில் அங்கே மருத்துவம் படித்தவர்கள். பின்னாளில் மூவரும் ஒரே போராட்டத்தில் நின்றார்கள்.

1936இல் தென்னாப்பிரிக்காவின் முதல் இந்தியப் பெண் மருத்துவராகத் திரும்பினார். முதல் பெண் என்றதும் மாலை மரியாதை என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். மருத்துவமனை வேலை கிடைக்கவில்லை. இந்திய மருத்துவர் சொல்வதை வெள்ளைத் தாதியர் கேட்டு நடக்க மாட்டார்கள், அவ்வளவுதான் காரணம். டர்பனில் சொந்தமாக மருத்துவமனை வைத்து நம் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்டக் கூசி நோயை மறைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

இதோடு நிறுத்தினால் எல்லோருக்கும் பிடித்த கதை. ஆனால் 1946இல் இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வேலி போடும் சட்டம் வந்தது. ஜூன் 13 அன்று அம்பிலோ சாலையும் கேல் தெருவும் சேரும் மூலையில் இருந்த காலிமனையில் போராட்டக்காரர்கள் கூடாரம் போட்டார்கள். வெள்ளைக் காலிகள் இரவில் வந்து கூடாரங்களைக் கிழித்து ஆட்களை அடித்தார்கள். அந்த இயக்கத்தில் ஏறக்குறைய 2,000 பேர் சிறை போனார்கள். முன்வரிசையில் நின்று சிறை போனவர்களில் டாக்டர் குணமும் ஒருவர். இந்தியர்களின் அரசியல் அமைப்பான நேட்டால் இந்தியக் காங்கிரஸின் துணைத் தலைவராகவும் இருந்தார். பின்னாளில் நாட்டைவிட்டு வெளியேறி வாழ்ந்து, மண்டேலா விடுதலையான காலத்தில் திரும்பினார். 1991இல் ‘கூலி டாக்டர்’ என்று தன் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். 1998இல் காலமானார்.

ஒரு தாய் என்னிடம் வந்து, “டீச்சர், படித்து முன்னுக்கு வந்ததை மட்டும் சொல்லுங்களேன், ஜெயில் கதை எதற்கு?” என்றார். நான் குணத்தைத் தேர்ந்தெடுப்பதே அந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதால்தான். நன்றாகப் படித்து, கைநிறையச் சம்பாதித்து, வீட்டில் உட்கார்ந்திருக்க வாய்ப்பிருந்தவர் சிறைக்குப் போனார். ஏன் போனார் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை கேட்காமல் இருக்காது. வள்ளியம்மையிடம் இந்தக் கேள்வி பிறப்பதில்லை, அவளைத் தெய்வமாக்கிக் கும்பிட்டுவிடுகிறோம். குணமோ நாக்கில் கூர்மையுள்ளவர், சண்டைக்கு அஞ்சாதவர், எழுத்திலும் பூசி மெழுகாதவர். இப்படிப்பட்ட பெண்ணை நம் வீட்டில் வைத்துக்கொள்வோமா என்று பெரிய பிள்ளைகளிடம் கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும்.

நவநீதம் பிள்ளையின் கதையில் சின்னப் பிள்ளைகளுக்கென்றே அமைந்ததுபோல் ஒரு காட்சி உண்டு. 1941இல் டர்பன் கிளேர்வுட்டில் பிறந்தவர், தந்தை பஸ் டிரைவர். ஆறு வயதில் தந்தையின் ஒரு மாதச் சம்பளமான 5 பவுனைக் கையில் கொண்டுபோகும்போது திருட்டுக் கொடுத்தார். நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்னது அந்தச் சிறுமி. திருடன் தண்டிக்கப்பட்டான். பணம் திரும்பவில்லை. எட்டு வயதுக்காரர்கள் இந்த இடத்தில் கொதித்துப்போவார்கள். “தண்டனை கொடுத்தார்கள், காசு எங்கே?” நீதி என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகத் தொடங்கிவைக்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நல்ல இடம், அவர் பல்கலைக்கழகம் போக அக்கம்பக்கத்தார் காசு திரட்டிக் கொடுத்தது. சாதித்தவர்கள் எல்லாம் தனியாளாக மலையேறியதாகவே கதை எழுதப்படும் காலத்தில், தெருவே சேர்ந்து கட்டணம் கட்டியது என்று சொல்வது நம் பிள்ளைகளுக்கு நல்லது. 1967இல் எந்தச் சட்ட நிறுவனமும் எடுத்துக்கொள்ளாததால் நேட்டாலில் சொந்த அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண் வழக்கறிஞர் ஆனார். 28 ஆண்டுகள் வழக்காடியும் நீதிபதியின் அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை, நிறவெறிச் சட்டம் விடவில்லை. 1995இல் உயர் நீதிமன்ற நீதிபதியானபோது தன் சொந்த அறைக்குள்தான் முதன்முதலில் நுழைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும், அப்புறம் சிரிப்பு அடங்கும்.

அதன் பிறகு கதை சறுக்குகிறது. ஆரம்பத்திலிருந்து சொல்லிவந்த தெருவும் பஸ்ஸும் மறைந்து, பதவிகளின் பட்டியல் வருகிறது. ருவாண்டா இன அழிப்பை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயம், பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம், 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையர். அவருடைய ஆகப்பெரிய வேலையோ பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லக்கூடியதல்ல. 1998இல் அக்காயேசு என்ற ருவாண்டாக்காரர் மீதான வழக்கில், பெண்கள்மீது நடத்தப்படும் பாலியல் வன்முறை இன அழிப்பின் ஒரு வழியாக இருக்க முடியும் என்று ருவாண்டாத் தீர்ப்பாயம் முதன்முறையாகத் தீர்ப்பளித்தது. அந்த நீதிபதிகளில் ஒரே பெண் அவர். பதினைந்து வயதுக்கு மேல் இதைச் சொல்லியே ஆக வேண்டும், மழுப்பாமல். அதற்குக் கீழே என்றால் நீதிபதியின் அறையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. பட்டியலை ஒப்பிக்க வைத்தால் அது வேலைக்கு விண்ணப்பம் போடுவதுபோல ஆகிவிடும்.

எளிதில் கிடைப்பதில் வள்ளியம்மை முந்தி நிற்கிறாள், சந்தேகமில்லை. பிள்ளையை உடனே பிடித்து இழுப்பதில் நவநீதம் பிள்ளை. நெடுநாள் மனதில் கிடந்து உறுத்துவதில் குணம். குணத்தின் கதையை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் நாமே சொல்ல வேண்டும் என்பது கூடுதல் வேலைதான். அந்த வேலைக்கு ஒரு லாபமும் இருக்கிறது. முன்பு பிரின்ஸ் எட்வர்டு தெரு என்றிருந்தது இன்று டாக்டர் குணம் தெரு. அதற்கருகில் மார்க்கெட் இருக்கும் விக்டோரியா தெருவுக்கும் இப்போது ஒரு பெண்ணின் பெயர், பெர்த்தா ம்கிஸே. மசாலா வாங்கப் போகும் சனிக்கிழமையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர்ப்பலகையைத் தமிழில் எழுத்துக்கூட்டி எழுதச் சொல்லலாம். பெர்த்தா யார் என்று கேட்டால் அடுத்த வாரத்துக்கும் பாடம் ஆயிற்று.

இந்த ஆகஸ்டில் எங்கள் ஏற்பாடு இப்படி: சின்ன வகுப்புக்கு 5 பவுன் கதை, நீதிபதியின் அறை வரை. பெரிய வகுப்புக்கு குணம், 1928இலிருந்து 1946 வரை விரிவாக, வாதத்துக்கு நேரம் ஒதுக்கி. நடுவகுப்புக்கு வள்ளியம்மை, ஆனால் தனியாக வேண்டாம். அந்தப் பதினொரு பேர் பட்டியலையும் கையில் கொடுத்து, ஒவ்வொரு ‘திருமதி’க்கும் சொந்தப் பெயர் கண்டுபிடிக்க முடிகிறதா என்று வீட்டுப் பாடம் கொடுப்பதாக இருக்கிறோம். சேலைக் கொடியை நாடகத்திலிருந்து எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் துணி வெளுக்கும் தொட்டி வருகிறது.